சிறிய பாய்மரப் படகில் எதை எங்கே வைப்பது?

27 அடிப் பாய்மரப் படகில் இரண்டு பேர் இரண்டு வாரப் பயணம் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படகில் ஏறும் எடையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். குடிநீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. 8 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, 50 மீட்டர் சங்கிலியும் நங்கூரமும் சேர்ந்து 80 கிலோவைத் தாண்டும். டீசல் 35 லிட்டர், அது 30 கிலோ. சாப்பாட்டுச் சாமான் 50, கருவிகளும் உதிரிப் பாகங்களும் 50, கரைக்குப் போய்வரும் ரப்பர் டிங்கியும் அதன் மோட்டாரும் 45, துணி, படுக்கை, பாத்திரம், புத்தகம் என்று ஒரு 40. கூட்டினால் 400 கிலோ வந்துவிடும்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஆல்பின் வேகா என்ற படகு. 1960களின் நடுவிலிருந்து 1970களின் கடைசி வரை சுவீடனில் 3,000-க்கும் மேல் கட்டப்பட்டது. நீளம் 8.25 மீட்டர், அகலம் 2.46 மீட்டர், எடை சுமார் 2.3 டன். அப்படியானால் நாம் ஏற்றும் சாமான் படகின் எடையில் ஆறில் ஒரு பங்கு. அந்தச் சுமை எங்கே உட்காருகிறதோ அதைப் பொறுத்துத்தான் படகு ஓடும். ஆகவே சாமான் அடுக்குவதைப் பாய் ஏற்றுவது, நங்கூரம் போடுவது போல, படகோட்டும் வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாதே என்ற கவலை வேண்டாம். மாட் ரதர்ஃபோர்டு என்ற படகோட்டி 2011-12-ல் இதே வேகா வகைப் படகில் தனியாக, எங்கும் நிற்காமல், 309 நாளில் வட, தென் அமெரிக்கக் கண்டங்களைச் சுற்றி வந்தார்.

நமது பயணம் அவ்வளவு பெரிதல்ல. மலேசியாவின் லங்காவித் தீவில் கிளம்பி, தாய்லாந்தின் கோ லீப்பே, கோ ரோக், பீ பீ தீவுகள் வழியாகப் புக்கெட் வரை. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று வீசும் காலம் இதற்கு ஏற்றது. வெயிலும் ஈரப்பதமும் அதிகம். பகலில் ஓட்டி இரவில் தீவோரம் நங்கூரமிடலாம்.

முதலில் படகைக் காலி செய்யுங்கள்

பழைய படகை வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் விட்டுப்போனவை உள்ளே நிறைய இருக்கும். காய்ந்துபோன பெயின்ட் டப்பா, உளுத்த கயிறு, எதற்கென்று தெரியாத குழாய்த் துண்டு. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கரைக்கு எடுத்து வாருங்கள். உங்கள் சாமானும் இப்போதைக்கு உள்ளே போக வேண்டாம். வெறும் படகைத்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

இருக்கை, படுக்கைகளுக்கு அடியில் சாமான் வைக்கும் அறைகள்தான் லாக்கர்கள். ஒவ்வொரு லாக்கராகத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த லாக்கருக்குள் கடல்நீர் வால்வு (படகின் உடலைத் துளைத்துப் போகும் குழாயை மூடும் வால்வு) இருக்கிறது, எதற்குள் ஒயர் ஓடுகிறது, படகின் அடியிலுள்ள கனமான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இருந்தால் அவை எங்கே தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வால்வு உள்ள லாக்கரில் எதை வைத்தாலும், ஒரே கையசைவில் ஒதுக்கி வால்வை மூட முடிய வேண்டும். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு வால்வு மாட்டிக்கொண்டால் குழாய் வெடிக்கும் நாளில் நேரம் இருக்காது. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்கேற்ற, கூம்பாகச் சீவிய மெல்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். உடைந்த ஓட்டையில் அடித்து இறுக்கத்தான் அது. ஆழ்கடல் பந்தயங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதிகளும் இதைக் கேட்கின்றன.

அப்புறம் ஈரம். மேல்தட்டில் ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். ஒருவர் உள்ளே இருந்து ஜன்னல் ஓரம், பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் படகின் உடலில் இறங்கும் இடம், கைப்பிடிக் கம்பிகளின் அடி ஆகியவற்றைப் பார்க்கட்டும். லாக்கருக்குள் டிஷ்யூ தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். ஒழுக்கை அடைக்க முடிந்தால் அடையுங்கள். முடியாவிட்டால் அது ஈர லாக்கர் என்று எழுதிவைத்து, நனைந்தாலும் கெடாததை மட்டும் அதில் வையுங்கள்.

கடைசியாக அளவு. லாக்கரின் கொள்ளளவைவிட அதன் வாயின் அளவு முக்கியம். உள்ளே 60 லிட்டர் இடம் இருந்தாலும் வாய் 30 சென்டிமீட்டர்தான் என்றால், 35 சென்டிமீட்டர் பெட்டி வாங்கிப் பயனில்லை. டேப்போடு உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் அளந்து, படகின் படம் ஒன்று வரைந்து, முன்னிருந்து பின்னாக இடப்பக்கத்துக்கு இ1, இ2 என்றும் வலப்பக்கத்துக்கு வ1, வ2 என்றும் எண் போடுங்கள். அந்த எண்ணை லாக்கர் மூடியின் உட்புறத்திலும் எழுதுங்கள். டப்பா வாங்கக் கடைக்குப் போவது இதற்குப் பிறகுதான்.

எடை கீழே, நடுவே

கனமானது எல்லாம் கீழே, படகின் நடுப்பகுதியில், பாய்மரத்துக்கு அருகே. லேசானது முன்னும் பின்னும். காவடியின் இரு முனையிலும் தண்ணீர்க் குடம் தொங்க நடப்பவர் சட்டென்று திரும்பவும் முடியாது, திரும்ப ஆரம்பித்தால் நிற்கவும் முடியாது. முனைகளில் கனம் ஏற்றிய படகுக்கும் அதே கதிதான். அலை வந்து முன்பக்கத்தைத் தூக்கும்போது தாமதமாக எழும், எழுந்தபின் அடுத்த அலைக்குள் மூக்கைக் குத்தும். மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில் அலைகள் உயரம் குறைந்தவை, ஆனால் நெருக்கமானவை. இப்படிக் குத்திக் குத்தி ஓடும் படகு வேகத்தை இழந்து, பயணிகளையும் களைக்க வைத்துவிடும்.

அணியத்தில், அதாவது முன்பக்கம், நங்கூரச் சங்கிலி ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தவிர்க்க முடியாது. அதனால் முன் படுக்கைக்கு அடியில் இனி லேசானவை மட்டும்: மாற்றுப் பாய், டாய்லெட் பேப்பர், போர்வை. இடம் பெரிதாக இருக்கிறதே என்று அங்கே டின் உணவை அடுக்குவதுதான் புதியவர்கள் பலரும் செய்வது. அமரத்தில், அதாவது பின்பக்கம், காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த பள்ளம்) லாக்கர்கள் ஆழமாக வாய் திறந்து கிடக்கும். டீசல் கேன், தண்ணீர் கேன், கயிறு எல்லாம் தானாக அங்கே போய்ச் சேரும். ஓட்டும்போது நீங்கள் இருவரும் உட்காருவதும் அங்கேதான் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவரின் எடையே 130, 140 கிலோ.

சரி, கனமானவை எங்கே? கேபின் நடுவில் இருபக்கமும் உள்ள இருக்கைகளுக்கு அடியில். தண்ணீர் கேன், டின்கள், கருவிப் பெட்டி, அரிசி பருப்பு எல்லாம் அங்கே. இடமும் வலமும் சம எடை வர வேண்டும். ஏற்றி முடித்தபின் கரையில் இறங்கி, படகுக்கு நேர் முன்னாலும் பின்னாலும் நின்று பாருங்கள். உடலில் வரைந்திருக்கும் நீர்மட்டக் கோடு ஒருபக்கம் மூழ்கி மறுபக்கம் மேலே தெரிந்தால் மாற்றி அடுக்குங்கள். போகும் வழியில் தண்ணீரும் உணவும் குறையும். ஒரே பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் நாலாம் நாள் படகு சாயும். இடம், வலம் என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

இரும்புச் சாமானை வைக்குமுன் திசைகாட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேபின் சுவரில் பதித்த திசைகாட்டிக்குப் பின்புறமே அலமாரி இருக்கலாம். கருவிகள், டின்கள், ஸ்பீக்கர், போன் எல்லாம் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

சாய்ந்தாலும் கவிழ்ந்தாலும் நகரக் கூடாது

பாய்மரப் படகு 20, 25 பாகை சாய்ந்து ஓடுவது சாதாரணம். மணிக்கணக்கில் அப்படியே ஓடும், பிறகு திரும்பி மறுபக்கம் அதே அளவு சாயும். இது நல்ல நாளின் கணக்கு. கெட்ட நாளுக்கு 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைச் சொல்வார்கள். இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கடல்முனைப் பாறையைச் சுற்றித் திரும்பும் அந்தப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் 15 போட்டியாளர்கள் உயிரிழந்தனர். புரண்டு நிமிர்ந்த படகுகளுக்குள் பேட்டரியும் அடுப்பும் பிய்த்துக்கொண்டு பறந்த அனுபவங்கள் உண்டு. பேட்டரி, அடுப்பு, நங்கூரம், கருவிப் பெட்டி போன்ற கனமானவை படகு தலைகீழானாலும் இடம்பெயராதபடி இருக்க வேண்டும் என்று இன்றைய பந்தய விதிகள் சொல்கின்றன. டிசம்பர் மாதத்து அந்தமான் கடலில் அப்படி நடப்பது அரிது. என்றாலும் 25 கிலோ பேட்டரியை நாடாவால் இறுக்கிக் கட்ட ஒரு மாலை நேரம் போதும், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

லாக்கர் மூடிகளுக்குக் காந்தப் பூட்டு போதாது. உள்ளிருந்து சரக்கு மோதினால் திறந்துவிடும். தாழ்ப்பாளோ, திருகுப் பிடியோ போடுங்கள். தரைப் பலகைகளையும் இதே போலப் பிடித்து வையுங்கள். படகு சாய்ந்தாலும் நேராக நிற்கும்படி ஊசலாடும் அடுப்புக்குத் தாழ் இருக்கிறதா, அது கழன்று வராதபடி கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். லாக்கருக்குள் அரைகுறையாக நிரம்பிய இடம்தான் சத்தம் போடும், உடைக்கும். இடைவெளிகளைத் துண்டு, பழைய டி-ஷர்ட் வைத்து அடையுங்கள். கண்ணாடி பாட்டிலைத் தவிர்க்கவே முடியாதென்றால் ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் போடுங்கள்.

அடுக்கி முடித்ததும் பயணத்துக்கு முன் ஒரு பிற்பகல், துறைமுகத்துக்கு வெளியே நல்ல காற்றில் இருபக்கமும் அரை அரை மணி நேரம் படகைச் சாய்த்து ஓட்டுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து காது கொடுக்கட்டும். எது உருள்கிறது, எது தட்டுகிறது என்று அப்போது தெரியும்.

இருட்டில் கைக்கு எட்ட வேண்டியவை

எடைக்கு அடுத்த கேள்வி அவசரம். லைஃப் ஜாக்கெட், உடலைப் படகோடு கட்டும் பட்டை, டார்ச், கத்தி, கையடக்க ரேடியோ, ஆபத்து வெளிச்சக் குச்சிகள், நீர் இறைக்கும் பம்ப்பின் கைப்பிடி, கயிறு கட்டிய வாளி இரண்டு. இவை கேபின் வாசற்படியை ஒட்டி, காக்பிட்டிலிருந்தே கைநீட்டி எடுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இவற்றின் முன்னாலோ மேலோ வேறு எதுவும் வரக் கூடாது, ஒரு நாளுக்கு என்றாலும்.

தீயணைப்பான் ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும். தீப்பிடிப்பது அங்கேதான், தீ எரியும்போது கை அங்கே போகாது. தீயைத் தாண்டாமல் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். முன் படுக்கை அருகே இன்னொன்று இருக்கட்டும், இரவில் அங்கே படுத்திருப்பவருக்கு.

ஆபத்துக் காலத்தில் படகைவிட்டு இறங்க வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போகும் பை ஒன்று தனியாக இருக்கட்டும். நீர் புகாத அந்தப் பையில் பாஸ்போர்ட்டுகள், படகின் பதிவுச் சான்று, பணம், தினசரி மருந்து, கொஞ்சம் குடிநீர். மலேசியாவில் வெளியேறி தாய்லாந்தில் நுழையும்போது குடியேற்ற அதிகாரிகளுக்கு இதே காகிதங்கள்தான் வேண்டும், எனவே காட்டி முடித்ததும் பைக்கே திருப்பி வைக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

பாதுகாப்புச் சாமான் எதெது எங்கே இருக்கிறது என்று படம் போட்டு, லேமினேட் செய்து, கேபினில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, உடன் வருபவரை ஒவ்வொன்றாக எடுத்துவரச் சொல்லுங்கள். எடுக்கத் திணறும் பொருளுக்கு இடத்தை மாற்றுங்கள்.

சமையல் வாயுவும் பெட்ரோலும்

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வீட்டில் போல ஜன்னல் வழியே வெளியேறாது. படகின் அடிவயிறான பில்ஜில் இறங்கித் தங்கும். எஞ்சினைக் கிளப்பும்போது வரும் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். எனவே சிலிண்டருக்குத் தனி லாக்கர் வேண்டும். அது கேபின் பக்கம் முழுதும் அடைபட்டு, அடியிலிருந்து ஒரு குழாய் வழியே நேராகப் படகுக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே திறக்க வேண்டும். பழைய படகில் அது இல்லையென்றால் சிலிண்டரைத் திறந்த மேல்தட்டில் பின்பக்கம் கட்டுங்கள். டிங்கி மோட்டாரின் பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனம். அந்த கேனும் கேபினுக்குள் வரக் கூடாது.

சாப்பாடு

அட்டைப்பெட்டியைப் படகுக்குள் கொண்டுவராதீர்கள். அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும், வெப்பமண்டலத்தில் ஒருமுறை குடியேறினால் அதை ஒழிப்பது பெரும்பாடு. லங்காவியின் குவா டவுனில் வாங்கியதை மரீனாவின் பலகைத் துறையிலேயே பிரித்து, அட்டையை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு, பொருளை மட்டும் உள்ளே எடுங்கள். காய், பழம், வாழைத்தாரைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திய பிறகு ஏற்றுங்கள்.

டின்களைத் தாழ்வான இடத்தில் வைப்பதால் என்றாவது தண்ணீர் படும். காகித லேபிள் ஊறிப் பிரிந்து பில்ஜ் பம்ப்பின் வாயை அடைத்துவிடும். உள்ளே என்ன, எந்தத் தேதி என்று அழியாத மையால் மூடியில் எழுதி, லேபிளைக் கிழித்துவிடுங்கள். லேபிளும் போய், எழுத்தும் இல்லாமல் போனால் கொண்டைக்கடலை என்று திறந்தது அன்னாசியாக இருக்கும்.

அரிசி, பருப்பு, ரவை, மாவு எல்லாம் ஒன்று, இரண்டு லிட்டர் அகலவாய்த் திருகுமூடி டப்பாக்களில். பத்து லிட்டர் பெரிய டப்பா வேண்டாம். ஒன்றில் ஈரமோ வண்டோ புகுந்தாலும் மற்றவை தப்பிக்கும். சதுர டப்பா உருளாது, மூலையை வீணாக்காது. வீட்டில் ஃப்ரீசர் இருந்தால் மாவையும் பருப்பையும் நாலு நாள் உறைய வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் டப்பாவில் போடுங்கள். வண்டு முட்டை செத்துவிடும். அரிசியில் காய்ந்த வேப்பிலையோ வற்றல் மிளகாயோ போட்டுவைக்கும் நம் வீட்டு வழக்கத்தையும் தொடரலாம்.

குளிர்பெட்டியில் வைக்காமல் விற்கும் முட்டையை வாங்குங்கள். குளிரிலிருந்து வெளியே எடுத்த முட்டை வியர்த்துச் சீக்கிரம் கெடும். ஓட்டில் மெல்ல வாசலின் தடவி, இரண்டு நாளுக்கொருமுறை திருப்பி வைத்தால் இரண்டு வாரப் பயணத்துக்குத் தாங்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். பழுத்த வாழைப்பழம் அருகிலுள்ள எல்லாவற்றையும் பழுக்க வைக்கும், அதனால் அதற்குத் தனி மூலை. பழத்துக்குத் தொங்கும் வலை மிக நல்லது. படகு சாயும்போது வலை சுவரில் மோதாதபடி இடம் பார்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே பகலில் தக்காளி சாறாகிவிடும்.

மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் அடுப்பருகே ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, அது காலியானதும் ஆழத்திலிருந்து நிரப்புங்கள். ஓடும் படகில், சமைக்கும் நேரத்தில், இருக்கை மெத்தையைத் தூக்கி லாக்கரைக் கிளறினால் குமட்டல் நிச்சயம்.

தண்ணீரை ஒரே தொட்டியில் நம்பியிருக்காதீர்கள். 1968-69-ல் உலகை முதன்முதலில் தனியாக, நிற்காமல் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு இப்படி ஆனது. மும்பையில் தேக்கில் கட்டிய 32 அடி சுஹைலி அவருடைய படகு. அதன் குடிநீர்த் தொட்டிகள் வழியிலேயே கெட்டுப்போக, மழைநீரைப் பிடித்துக் குடித்து அவர் பயணத்தை முடித்தார். தொட்டியில் பாதி, 10 லிட்டர் கேன்களில் பாதி என்று பிரியுங்கள். 10 லிட்டர் என்பது ஒரு கையால் தூக்கக்கூடிய எடையும்கூட.

துணியும் உப்பும்

சூட்கேஸ் படகுக்கு ஆகாது. காலியானதும் மடிக்க முடியாது. மடித்துச் சுருட்டும் துணிப்பை கொண்டுவாருங்கள், ஆளுக்கு ஒன்று. கடல்நீரில் நனைந்த உடை காய்ந்த பிறகும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை நல்ல துணியோடு வைத்தால் எல்லாமே பிசுபிசுக்கும், பூஞ்சை வரும். நன்னீரில் அலசிய துணி மட்டும் பைக்குள் போகட்டும். நனைந்ததற்கு வாசலருகே ஒரு கொக்கியும் தனி இடமும் ஒதுக்குங்கள். மெத்தைக்கு அடியில் காற்றோட்டமுள்ள சட்டம் இருந்தால் நல்லது. லாக்கர் மூடிகளை நங்கூரமிட்ட பகலில் திறந்து வையுங்கள்.

கருவிகளும் உதிரிகளும்

இவற்றை வேலை வாரியாகப் பிரியுங்கள். எஞ்சினின் கடல்நீர் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் என்றால், புது இம்பெல்லர், அதன் கேஸ்கெட், அதைக் கழற்ற வேண்டிய ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒரே பையில். டீசல் ஃபில்டருக்கு ஒரு பை, பெல்ட்டுக்கு ஒரு பை. கழிவறைப் பம்ப்புக்கும் ஒன்று, அது வேண்டும் என்று கட்டாயம் தோன்றும் நாள் வரும். தினம் தேவைப்படும் நாலைந்து கருவிகளைத் துணியில் சுருட்டி எஞ்சின் அருகே வையுங்கள். மற்றதை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியோடு நடுவே கீழே.

நோட்டுப் புத்தகமும் ஒரு காலி லாக்கரும்

லாக்கர் எண் வாரியாக எது எவ்வளவு இருக்கிறது என்று பென்சிலால் ஒரு நோட்டில் எழுதுங்கள். எடுத்ததைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். ஒவ்வொரு லாக்கரையும் மூடுமுன் போனில் ஒரு படம். நடுவழியில் இதைவிட நல்ல இடம் என்று எதற்காவது தோன்றினாலும் மாற்றாதீர்கள். அடுத்த நங்கூரத்தில் இருவரும் சேர்ந்து மாற்றி, நோட்டிலும் மாற்றுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடம் ஆபத்து நேரத்தில் யாருக்கும் தெரியாத இடம்.

ஒரு லாக்கரைக் காலியாக விட்டுக் கிளம்புங்கள். அது குப்பைக்கு. கடலில் எந்தப் பிளாஸ்டிக்கையும் எறியக் கூடாது என்பது கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு, அது சின்னப் படகுகளுக்கும் பொருந்தும். காலி டின்னையும் பிளாஸ்டிக் உறையையும் கடல்நீரில் அலசி, நசுக்கி, கட்டி வைத்தால் இரண்டு வாரம் நாறாது. அந்த லாக்கர் அடுப்பிலிருந்து தள்ளி, காக்பிட் பக்கம் இருக்கட்டும்.

புக்கெட் போய்ச் சேர்ந்ததும் லாக்கர்களை மறுபடி திறந்து பாருங்கள். பாதுகாப்புச் சாமானும் உதிரிப் பாகங்களும் தவிர, இரண்டு வாரமாகக் கை படாத எதுவாக இருந்தாலும் திரும்பும் பயணத்துக்கு முன் கரையில் இறக்கிவிடுங்கள்.